பக்கவாதத்தின் எச்சரிக்கை அறிகுறிகள்: வீட்டில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை

என் பெரியப்பாவுக்கு அன்று காலை சட்டையின் மூன்றாவது பொத்தான் மாட்டவில்லை. வலது கை விரல்கள் பொத்தானைப் பிடித்தன, துளையைத் தேடின, நழுவவிட்டன. மறுபடி பிடித்தன. "தூக்கத்துல கை அடியில மாட்டிக்கிச்சு போல, மரத்துப் போச்சு" என்றார். பெரியம்மா வந்து பொத்தானை மாட்டிவிட்டார். கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்று படுத்தார். மூன்று மணி நேரம் கழித்து எழுந்தபோது வலது காலும் வரவில்லை, வாயில் சொல்லும் வரவில்லை.

இதில் வலி எங்கேயும் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்தால் வீடே பதறும். பொத்தான் மாட்டவில்லை என்றால் யாரும் பதறுவதில்லை. பக்கவாதம் நம்மை ஏமாற்றுவது இப்படித்தான்.

பெயரும் கொஞ்சம் ஏமாற்றுகிறது. பக்கவாதம், பாரிசவாயு, வாதம் அடித்துவிட்டது என்றெல்லாம் சொல்வதால் இது கை கால் சம்பந்தப்பட்ட நோய் என்று மனதில் பதிந்துவிட்டது. கை காலில் ஒரு கோளாறும் இல்லை, கோளாறு மூளையில். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொள்கிறது அல்லது வெடிக்கிறது. பெரும்பாலானவை அடைப்பு, மீதி ரத்தக்கசிவு. மூளையின் இடது பாதி வலது உடம்பையும், வலது பாதி இடது உடம்பையும் இயக்குகிறது. எந்த இடத்துக்கு ரத்தம் போகவில்லையோ, அந்த இடம் செய்துவந்த வேலை நின்றுபோகிறது. அதனால்தான் ஒருவருக்குக் கை விழுகிறது, இன்னொருவருக்குப் பேச்சு போகிறது, மூன்றாமவருக்குப் பார்வையில் பாதி இருள்கிறது.

பெரிய குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. பெரியப்பா படுத்திருந்த மூன்று மணி நேரத்தை அதோடு பெருக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கேட்க வேண்டியது: திடீரென்று வந்ததா?

எல்லா அறிகுறிகளுக்கும் முன்னால் வைக்க வேண்டிய சொல் "திடீரென்று". ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வலுவிழந்து வந்தால் அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஆனால் அது பெரும்பாலும் வேறு கதை. சற்று முன்புவரை நன்றாக இருந்தவருக்கு ஒரு நொடியிலோ சில நிமிடங்களிலோ ஏதோ ஒன்று இல்லாமல் போவதுதான் பக்கவாதத்தின் முகவரி. அதுவும் பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில். இரண்டு கைகளும் ஒரேபோல் மதமதப்பாக இருப்பதைவிட, ஒரு கை மட்டும் சொன்னபடி கேட்காமல் இருப்பது அதிகம் கவலைப்பட வேண்டியது.

"எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள். "காப்பி குடித்துக்கொண்டிருந்தேன், டம்ளர் நழுவியது" என்பதுபோல் ஒரு கணத்தைச் சுட்டிக் காட்ட முடிந்தால், உடனே அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

முகம், கை, பேச்சு

பிரிட்டனில் 1998-இல் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக உருவாக்கப்பட்ட சோதனை இது. முகம், கை, பேச்சு, நேரம் என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஃபாஸ்ட்' என்பார்கள். கருவி எதுவும் வேண்டாம், இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் செய்யும் விதத்தில் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது.

முகம். "சிரியுங்கள்" என்றால் பயந்துபோனவர் எப்படிச் சிரிப்பார்? "பல்லைக் காட்டி 'ஈ' என்று சொல்லுங்கள்" என்பது எளிது. வாயின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். ஒன்று மேலே போய் மற்றொன்று அப்படியே நின்றுவிட்டால் அதுதான் கோணல். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்வரை ஓடும் மடிப்பு ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருப்பதும் அதே கதைதான். சிலருக்குக் கண்ணாடியில் தெரிவதற்கு முன்னால் வாய் கொப்பளிக்கும்போது தெரிந்துவிடும்: தண்ணீர் ஒரு கடைவாயில் ஒழுகும். பிறவியிலேயே கொஞ்சம் கோணல் சிரிப்பு உள்ளவராக இருந்தால்? போனில் இருக்கும் பழைய படம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கை. இரண்டு கைகளையும் நேராக முன்னால் நீட்டி, எதையோ ஏந்துவதுபோல் உள்ளங்கை மேலே பார்க்க வைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். நீங்கள் மெதுவாகப் பத்துவரை எண்ணுங்கள். கை தொப்பென்று விழும் என்று காத்திருக்காதீர்கள். பல நேரங்களில் அது தண்ணீரில் மூழ்கும் கட்டை மாதிரி மெதுவாகத்தான் இறங்கும். சில நேரம் இறங்கக்கூட இறங்காது, உள்ளங்கை மட்டும் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். கண்ணை மூடச் சொல்வது முக்கியம். திறந்திருந்தால் கை இறங்குவதை அவரே பார்த்துத் தூக்கிக்கொள்வார். "என் கையைப் பிடித்து அழுத்துங்கள்" என்று மட்டும் சோதிப்பவர்கள் உண்டு. பிடி இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடுவார்கள். லேசான பலவீனம் பிடியில் தெரியாமல் போகலாம், நீட்டிய கையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். காலில் தெரியும் விதம் வேறு: ஒரு செருப்பு மட்டும் காலிலிருந்து கழன்றுபோகும், கழன்றதே அவருக்குத் தெரியாது.

பேச்சு. இதில்தான் வீட்டார் அதிகம் குழம்புகிறார்கள், ஏனென்றால் பேச்சு மூன்று விதமாகக் கெடுகிறது.

முதல் விதம் குழறல். சொல்ல வேண்டியது மனதில் சரியாக இருக்கிறது, நாக்கு புரளவில்லை. நம் மொழியிலேயே இதற்கு நல்ல சோதனை இருக்கிறது. "மழை விழுந்தால் குடை எடுக்க வேண்டும்" என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'ம', 'வ' உதட்டையும், 'ழ' நாக்கின் நுனியையும், 'க' தொண்டைப் பக்கத்தையும் வேலை வாங்கும். (எப்போதுமே 'மளை' என்று சொல்பவர் இன்றைக்கும் 'மளை' என்றுதான் சொல்வார். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். நேற்று இருந்தபடி இன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி.)

இரண்டாவது விதத்தில் உச்சரிப்பு தெளிவாக இருக்கும், சொல்தான் அகப்படாது. கைக்கடிகாரத்தைக் காட்டி "இது என்ன?" என்றால் "அது... அதுதான்... நேரம் பாக்குற..." என்று தடுமாறுவார், அல்லது "சாவி" என்பார்.

மூன்றாவது விதம் மிக ஏமாற்றுவது: நாம் சொல்வதே அவருக்குப் புரியாது. சரளமாக ஏதோ பேசுவார், அதில் பொருள் இருக்காது. 'வயசாயிடுச்சு, உளறுகிறார்' என்றோ 'குடித்திருக்கிறார்' என்றோ முடிவு கட்டிவிடுவார்கள். இதைச் சோதிக்க, "கண்ணை மூடுங்கள்", "இடது கையைத் தூக்குங்கள்" என்று சொல்லுங்கள். சொல்லும்போது நீங்கள் கையைத் தூக்கிக் காட்டாதீர்கள். சொல் புரியாதவரும் உங்களைப் பார்த்து அப்படியே செய்துவிடுவார்.

முகம், கை, பேச்சு என்ற மூன்றில் ஒன்றில் புதிதாக மாற்றம் தெரிந்தாலே போதும். மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்று காத்திருப்பதும், "இன்னொரு தடவை செய்து பார்ப்போம்" என்று பத்து நிமிடம் ஓட்டுவதும் நடக்கிறது. வேண்டாம்.

இந்த வலையில் சிக்காதவை

முகமும் கையும் பேச்சும் நன்றாக இருக்க, பக்கவாதம் வேறு கதவு வழியாக வருவதும் உண்டு. 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஃபாஸ்ட் சோதனைக்குள் வராத பக்கவாத நோயாளிகள் 14 சதவீதம். சமநிலையையும் கண்ணையும் சேர்த்துக்கொண்டபோது அது 4 சதவீதமாகக் குறைந்தது. எனவே இன்னும் இரண்டு கேள்விகள்.

நடை எப்படி இருக்கிறது? மூளையின் பின்பகுதியில் அடைப்பு வந்தால் கை வலுவாகவே இருக்கும், ஆனால் எழுந்து நின்றால் குடித்தவர்போல் ஒரு பக்கமாகச் சாய்வார். தலைசுற்றலும் வாந்தியும் இருக்கும். பித்தம், வாயு, கழுத்து எலும்புத் தேய்மானம் என்று நாட்கணக்கில் மருந்து சாப்பிட்டுக் கடைசியில் வந்து சேர்பவர்கள் இவர்களே. தலைசுற்றல் எல்லாம் பக்கவாதம் இல்லை, பெரும்பாலானவை இல்லை. ஆனால் திடீர்த் தலைசுற்றலோடு பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாமை, பொருள் இரண்டாகத் தெரிதல், குழறல், விழுங்க முடியாமை இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அது அவசரம்.

கண் எப்படி இருக்கிறது? ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல் பார்வை மறைந்தாலும், இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதி காணாமல் போனாலும் அது மூளையின் ரத்த ஓட்டக் கோளாறாக இருக்கலாம். தட்டில் பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு மறுபாதி இருப்பதே தெரியாமல் எழுந்துபோவது, கதவு நிலையில் ஒரே தோளை இடித்துக்கொண்டே இருப்பது, இப்படித்தான் அது வீட்டில் கண்ணில் படும். மூளையின் வலது பாதி அடிபட்டவர்கள் சிலருக்குத் தங்களிடம் குறை இருப்பதே தெரியாது. இடது கை தொங்கிக்கொண்டிருக்கும், "எனக்கு ஒன்றும் இல்லை, ஏன் ஆர்ப்பாட்டம் பண்றீங்க?" என்று கோபப்படுவார்கள். பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த மறுப்பே ஓர் அறிகுறி.

தலைவலி தனி. அடைப்பில் பெரும்பாலும் வலி இல்லை. ஆனால் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், "இப்படி ஒரு தலைவலி என் வாழ்நாளில் வந்ததில்லை" என்று சொல்ல வைக்கும் இடி போன்ற வலி ரத்தக்கசிவாக இருக்கலாம். கை கால் நன்றாக இருந்தாலும் கிளம்ப வேண்டும்.

வயதை வைத்து விலக்காதீர்கள். முப்பதுகளில் இருப்பவருக்கும் வரும். கழுத்து வெட்டி இழுத்ததில் கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து, கழுத்துவலியோடு ஆரம்பித்துப் பக்கவாதத்தில் முடிவது இளைஞர்களிடம் காணப்படும் ஒரு வகை.

கடிகாரத்தைப் பாருங்கள்

மருத்துவமனையில் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" அறிகுறியை நீங்கள் பார்த்த நேரம் வேறு, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் வேறு. சிகிச்சை இரண்டாவதை வைத்துத்தான் முடிவாகிறது.

இரவு பத்து மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை ஆறு மணிக்குக் கை விழுந்து எழுந்தால், கணக்கு பத்து மணியிலிருந்து ஓடுகிறது. நடுவில் நாலு மணிக்கு எழுந்து பாத்ரூம் போய்விட்டு ஒழுங்காக நடந்து வந்ததை யாராவது பார்த்திருந்தால், கணக்கு நாலு மணிக்கு மாறுகிறது. அந்த ஒரு தகவல் ஆறு மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது! யாரும் பார்க்கவில்லை என்றால் போனைப் பாருங்கள். கடைசியாக யாரிடம் பேசினார், எத்தனை மணிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார், அதில் குரல் எப்படி இருந்தது? கிடைத்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஏழரை எட்டரை ஆகிவிடும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து மூன்று மணி நேரத்துக்குள் பயன் தருகிறது என்று 1995-இல் நிரூபணமானது. 2008-இல் அந்த வரம்பு நாலரை மணி நேரமானது. பெரிய குழாய் அடைப்பில் தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, அடைத்திருக்கும் ரத்தக் கட்டியையே வெளியே இழுக்கும் முறை 2015-இல் உறுதிப்பட்டது. தேர்ந்தெடுத்த சிலருக்கு அது 24 மணி நேரம்வரைகூடப் பயன்படும் என்று 2018-இல் தெரிந்தது. இதைக் கேட்டுவிட்டு "அப்போ ஒரு நாள் இருக்கே" என்று ஆற அமரக் கிளம்புபவர்களும் உண்டு. அந்த 24 மணி நேரம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. யாருக்குக் கிடைக்கும் என்பது ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியும். நேரம் கடந்துவிட்டது என்று நீங்களே முடிவுகட்டி வீட்டில் இருந்துவிடுவதும் தப்பு. தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கும் எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போட வழி இருக்கிறது.

போனில் என்ன சொல்வது

உங்கள் பகுதியின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். குடும்ப மருத்துவரைத் தேடுவதும் உறவினரிடம் ஆலோசனை கேட்பதும் அப்புறம். "உடம்பு சரியில்லை, சீக்கிரம் வாங்க" என்றால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இப்படிச் சொல்லுங்கள்: "பக்கவாதம் என்று சந்தேகப்படுகிறோம். 64 வயது. வலது கை விழுகிறது, பேச்சு குழறுகிறது. கடைசியாக 7:40-க்கு நன்றாக இருந்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்." அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம், ஊசி போடலாமா கூடாதா என்பது அதையும் பொறுத்தது.

பக்கத்தில் இருக்கும் எல்லா மருத்துவமனையும் இதற்கு உதவாது. இருபத்துநாலு மணி நேரமும் சி.டி. ஸ்கேனும், அந்த ஊசியைப் போடும் வசதியும் உள்ள இடத்துக்கே நேராகப் போக வேண்டும். ஸ்கேன் இல்லாத இடத்தில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம் திரும்பி வராது.

ஆம்புலன்ஸ் வரும்வரை

வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள். தண்ணீர்கூட வேண்டாம். விழுங்கும் தசை பாதிக்கப்பட்டிருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். 'மாரடைப்புக்குக் கொடுப்பார்களே' என்று ஆஸ்பிரின் கொடுப்பவர்கள் உண்டு. இது அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது, கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கலாம். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பி.பி. மாத்திரை கொடுப்பதும் அப்படித்தான். அடைபட்ட குழாயைத் தாண்டி ரத்தத்தைத் தள்ளுவதற்காகவும் அழுத்தம் ஏறியிருக்கலாம். அதை எவ்வளவு இறக்குவது என்று மருத்துவர் தீர்மானிக்கட்டும். விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்று வாட்ஸ்ஆப்பில் வருகிறதே, அது வெறும் கட்டுக்கதை, நேரத்தைத் தின்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

மயக்கமாகவோ வாந்தியோடோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பலவீனமான கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். தசை தாங்காத தோள்மூட்டு நழுவிவிடும். சட்டைக் காலரைத் தளர்த்துங்கள். மூச்சு நின்றுவிட்டால் போனில் இருப்பவர் சொல்லும்படி நெஞ்சை அழுத்த வேண்டியிருக்கும். சாப்பிடும் மாத்திரைகளை ஒரு பையில் அள்ளிப் போடுங்கள். கடைசியாகப் பார்த்தவர் கூடவே போகட்டும்.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால், போன் செய்த பிறகு, ஒரு சொட்டு பாருங்கள். சர்க்கரை மிகவும் குறைந்தாலும் ஒரு பக்கம் விழும், பேச்சு குழறும், அப்படியே பக்கவாதம்போல் இருக்கும். எண்ணைப் போனில் சொல்லுங்கள். வலிப்பு வந்து ஓய்ந்த பிறகு ஒரு கை கொஞ்ச நேரம் விழுந்திருப்பதும், ஒற்றைத் தலைவலிக்கு முன் பார்வையில் மின்னல் கோடுகள் ஓடுவதும், முக நரம்பு வாதமும் இதேபோல் தோற்றம் காட்டும். முக நரம்பு வாதத்தில் பெரும்பாலும் நெற்றியும் சேர்ந்து விழும், புருவத்தைத் தூக்க முடியாது, கண் மூடாது. பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும். ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். போய்ச் சேர்ந்த பிறகு "பக்கவாதம் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

வந்து, போய்விட்டால்?

இதுதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கும் இடம். கை பத்து நிமிடம் விழுந்தது, பிறகு முழுக்கச் சரியாகிவிட்டது. வீடே நிம்மதியாகிவிடும். கட்டி தற்காலிகமாக அடைத்துத் தானே கரைந்திருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் 'டி.ஐ.ஏ.' என்பார்கள். கட்டி எங்கிருந்து வந்ததோ அந்த இடம் அப்படியே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இப்படி வந்துபோன 1,700-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்டார்கள்: மூன்று மாதத்துக்குள் பத்தில் ஒருவருக்கு முழுப் பக்கவாதம் வந்திருந்தது, அதில் பாதி முதல் இரண்டு நாளிலேயே. எனவே சரியாகிவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். "அடுத்த வாரம் காட்டிக்கலாம்" என்றால் ஆபத்து மிகுந்த நாட்கள் கடந்துவிட்டிருக்கும். கழுத்துக் குழாயில் அடைப்பு இருக்கிறதா, இதயம் தாளம் தப்பி அடிக்கிறதா என்று பார்த்து மருந்து தொடங்கினால் அடுத்ததைப் பல நேரங்களில் தடுத்துவிடலாம்.

மருத்துவமனையில் ஒரு விஷயம் மட்டும் தெரிந்து வைத்திருங்கள். முதல் சில மணி நேரத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் நார்மலாக இருக்கலாம். ரத்தக்கசிவு உடனே தெரியும், அடைப்பு தெரியச் சில மணி நேரம் ஆகும். "ஸ்கேன் நார்மல்" என்றதும் சில குடும்பங்கள் மூட்டை கட்டிவிடுகின்றன. அந்த நேரத்தில் அதற்குப் பொருள் "கசிவு இல்லை, ஊசியைப் பற்றி யோசிக்கலாம்" என்பதுதான்.

தனியாக இருப்பவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் பக்கத்தில் ஒருவர் இருந்தால். தனியாக இருக்கும்போது உங்களுக்கே வந்தால் கண்ணாடி முன் நின்று சோதித்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் போன். பேச்சு போய்க்கொண்டிருந்தால் இன்னும் சில நிமிடத்தில் சொல்ல முடியாமல் போகலாம், விலாசத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அவசர எண்ணை ஒரே பொத்தானில் கூப்பிடும்படி போனில் இன்றைக்கே அமைத்து வையுங்கள், இடது கையாலும் ஒருமுறை அழுத்திப் பழகுங்கள். அப்புறம் நடக்க முடிகிறபோதே போய்க் கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்காருங்கள்.